என் தாடிக்குத் தரம் போட்ட கதை

இருபத்தாறு வருஷம் வளர்த்த என் தாடி ஒரு துண்டு தேங்காய்த்துருவல் கேக்கினால் போனது.

வில்காரா பண்ணையில் அந்த வருஷத்து ரோமம் வெட்டு தொடங்கி மூன்றாம் நாள், காலை ஒன்பதரை மணி டீ. முப்பது வருஷமாகச் செம்மறியாட்டுக்கு ரோமம் வெட்டிப் பிழைக்கும் டென்சில் ட்ரெம்பாத் ஆகிய நான், வாய் நிறைய கேக்கை வைத்துக்கொண்டு ரோவீனா நோஸ்கியிடம் ஒரு கேள்வி கேட்டேன். இந்தப் பண்ணை வேலை முடிந்த மறுநாள் பக்கத்து ஊரான பர்ராவில் கண்காட்சி, என்னோடு வருகிறீர்களா என்று. கொட்டகை ரேடியோ அலறிக்கொண்டிருந்த தைரியத்தில்தான் கேட்டேன். அந்த நொடி பார்த்துப் பாட்டு முடிந்துவிட்டது. பதினாறு பேர் டீ டம்ளரோடு திரும்பிப் பார்த்தார்கள்.

பண்ணை பண்ணையாகப் போய் ரோமம் வெட்டும் எங்கள் கூட்டத்தில் ரோவீனா கம்பளிக்குத் தரம் போடுபவள். நாங்கள் வெட்டிப் போடும் ஒவ்வொரு ரோமமும் அவள் மேஜையில்தான் விழும். கையால் அளைந்து, ஒரு கற்றையை உருவி, இது எந்தத் தரம் என்று சொல்வாள். அவள் சொன்னால் சொன்னதுதான், பண்ணைக்காரனே வாய் திறக்க மாட்டான். அவளுக்குப் பிடிக்காத ஒரே விஷயம் ரெண்டாம் வெட்டு. மெஷின் போன இடத்திலேயே மறுபடி போனால் பொடிப்பொடியாக முடி விழும், நல்ல ரோமத்தோடு கலந்து விலையைக் கெடுக்கும். ஒன்பது வருஷமாக அந்தப் பொடி மயிரைப் பொறுக்கி எடுத்து, நான் நிற்கிற இடத்துக்கே நடந்து வந்து, என் செருப்பின் மேல் போட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போவாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அப்படித்தான். ஆரம்பத்தில் என் கையையும் மீறி ரெண்டாம் வெட்டு விழுந்துகொண்டிருந்தது. அப்புறம் அவள் நடந்து வருவதைப் பார்ப்பதற்கென்றே வாரத்துக்கு ஒன்று போட ஆரம்பித்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

அவள் என்னை நிதானமாகப் பார்த்தாள். தாடியில் தேங்காய்த்துருவல் இருந்திருக்க வேண்டும்.

"ரோமத்தோட நிக்கற ஆட்டுக்கு எப்படிய்யா தரம் போடறது? கடைசி ஆடு வெட்டற அன்னிக்கு வா. உள்ள என்ன இருக்குன்னு பார்த்துட்டுச் சொல்றேன்."

ஒரு பிளாஸ்டிக் ரேசர் வாங்கி வேலையை முடித்திருக்கலாம். எனக்குத்தான் வாய்க்கொழுப்பு.

"ரெண்டு லட்சம் ஆடு வெட்டுன கைங்க இது. மடக்குக் கத்தி எடுத்து, நானே என் கையால சவரம் பண்ணிட்டு வந்து நிக்கறேன். ஒரு சொட்டு ரத்தம் பார்க்க மாட்டீங்க."

எங்கள் சமையல்காரி டல்சி பூனை மாதிரி இருப்பாள், எதையும் விடமாட்டாள். அன்றன்றைக்கு யார் எத்தனை ஆடு வெட்டினார்கள் என்று எழுதும் பலகையின் அடியில், சாக்பீஸால் கொட்டை எழுத்தில் எழுதினாள்: டென்சில், மடக்குக் கத்தி, சொந்தக் கை, ஒரு சொட்டும் இல்லை. எழுதிவிட்டு அடியில் ஒரு கோடும் இழுத்தாள்.

என் வாழ்க்கையில் நான் மடக்குக் கத்தியைத் தொட்டதே இல்லை.

சனிக்கிழமை பர்ராவுக்குப் போய்ப் பழைய சாமான் கடையில் ஒன்று வாங்கினேன். கறுத்த கைப்பிடி, ஷெஃபீல்டில் செய்த அலகு, மடக்கினால் சட்டைப் பைக்குள் அடங்கும். பார்க்க அழகாக இருந்தது. திறந்தேன், உடனே மடக்கிவிட்டேன். இதை எப்படிப் பிடிப்பது, எங்கே தொடங்குவது என்று யாரிடமாவது கேட்டாக வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. திங்கட்கிழமை காலை நான் வேனை விட்டு இறங்குவதற்குள் புத்திமதி வந்து சேர்ந்தது. ரோமம் வெட்டுகிறவர்களிடம் கூர்மையைப் பற்றி வாய் திறந்தால் அவ்வளவுதான், ஆளுக்கு ஆள் பேராசிரியர். அவர்களில் பெரிய பேராசிரியர் நெவில். எங்கள் மெஷின்களின் சீப்புப் பற்களுக்குச் சாணை பிடிப்பவன் அவன்தான். இந்த மாகாணத்தில் தன்னைவிடக் கூர் தெரிந்தவன் பிறக்கவில்லை என்பது அவன் அபிப்பிராயம்.

"இது கூரா? இத வெச்சு வெண்ணெய தடவலாம். குடுறா மாப்ள இங்க."

வாங்கினான். சாணைச் சக்கரத்தை ஓடவிட்டான். தீப்பொறி கூரை வரைக்கும் பறந்தது. நூறு வருஷம் எவனோ பொத்திப் பொத்தி வைத்திருந்த அலகை அரை நிமிஷத்தில் பளபளவென்று ஆக்கிக் கையில் கொடுத்தான். தடவிப் பார்த்தேன், விரல் பிய்ந்துபோகிற மாதிரி இருந்தது. கூர் என்றால் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நீ இப்படிச் சவரம் பண்ணியிருக்கிறாயா என்று கேட்டதற்கு, ஆயிரம் தடவை, ஒரு கீறல்கூடப் பட்டதில்லை என்றான். அவன் தாடி சட்டையின் மூன்றாவது பொத்தானைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் தலையாட்டினேன். எனக்கு மூளை எங்கே போயிருந்தது என்று கேட்காதீர்கள், அது ரோவீனாவின் மேஜைப் பக்கம் போயிருந்தது.

இங்கே எங்கள் கொட்டகை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெட்டும்போது ஆட்டின் தோலில் காயம் பட்டுவிட்டால், வெட்டினவன்தான் உடனே உரக்க "தார்!" என்று கூப்பிட வேண்டும். அந்தக் காலத்தில் காயத்தில் தார் பூசுவார்களாம். இப்போது ஊதா நிறத்தில் ஒரு மருந்து, பீய்ச்சும் பாட்டிலில் வருகிறது. ஆனாலும் கூப்பாடு தார்தான். கூப்பிடுவதில் வெட்கம் கிடையாது, எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் நாளைக்கு ரெண்டு தடவை கூப்பிடுவான். கூப்பிடாமல் மறைத்து ஆட்டைத் தள்ளிவிடுகிறவனுக்குத்தான் இங்கே மரியாதை கிடையாது. ஒருத்தன் அப்படிச் செய்து மாட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் சாப்பிடவில்லை. அவனாகவே மூட்டையைக் கட்டிக்கொண்டு போனான்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் குளியலறைத் தகரக் கொட்டகையில் கண்ணாடி முன் நின்றேன். ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத்தான் மறுபக்கம் என்று முடிவு. வலது பக்கத் தாடியைக் கத்தரிக்கோலால் ஒட்ட நறுக்கினேன், நுரையை அப்பினேன். எனக்குத் தெரிந்த தொழிலைத்தான் செய்தேன். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, வலது கையால் காதிலிருந்து தாடை வரைக்கும் ஒரே நீள வீச்சு, தோலோடு தோலாக. போன இடத்துக்குத் திரும்பப் போகக் கூடாதே! ரெண்டாம் வெட்டு விழக் கூடாது என்று கை பழகியிருக்கிறது.

கத்தி பாதி வழி போவதற்குள் என் முழுப் பரம்பரையும் கண்ணில் வந்து போனது. கன்னத்தில் மூன்று இடம், தாடையில் ஒன்று. என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்கு முன்பே பழக்க தோஷத்தில் தொண்டை கிழியக் கத்தினேன்: "தார்!"

டல்சி மருந்துப் பாட்டிலோடு ஓடி வந்துவிட்டாள். ஆட்டைத்தான் எதிர்பார்த்தாளாம். என்னைப் பார்த்தவள் அரை நொடிகூடத் தயங்கவில்லை. காதிலிருந்து தாடை வரைக்கும் ஊதாவாகப் பீய்ச்சினாள்.

அந்த மருந்து எந்த சோப்புக்கும் போகாது. அன்றைக்கு ஏழரை மணிக்கு நான் கொட்டகைக்குள் நுழைந்தபோது இடது பக்கம் மார்பு வரை தாடி, வலது பக்கம் கத்தரிக்காய். ரேடியோவை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். ரோவீனா மட்டும் சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு ரோமத்தை அளைய ஆரம்பித்தாள். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. அவளைச் சிரிக்க வைத்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று நூற்றுத் தொண்ணூறு ஆடு வெட்டினேன்.

ஆனால் இந்த நிலைமையில் கடைசி ஆடு வரைக்கும் போனால் முகம் என்று ஒன்று மிஞ்சாது. நெவிலை நம்பிப் பிரயோஜனமில்லை என்று இணையத்தை நம்பினேன். வில்காராவில் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறினால்தான் செல்போனுக்கு உயிர் வரும். சாயங்காலம் ஏறி உட்கார்ந்து, மடக்குக் கத்திக்காரர்கள் கூடிப் பேசும் ஒரு இடத்தைக் கண்டுபிடித்து, பணிவாகக் கேட்டேன்: நான் புதுசு, கன்னத்தில் எப்படித் தொடங்குவது?

எண்பத்து நாலு பதில்கள். ஒருவன் கத்தியை முப்பது டிகிரி சாய்க்கச் சொன்னான். இன்னொருவன் அவனை முட்டாள் என்றான். மூன்றாமவன், முதலில் ஜப்பானிலிருந்து ஒரு சாணைக்கல் வாங்கு, அது இல்லாமல் கத்தியைத் தொடாதே என்றான். அந்தக் கல்லின் விலைக்கு ஒரு நல்ல காவல்நாய் வாங்கலாம். அதற்குப் பிறகு எல்லோரும் கல்லைப் பற்றிச் சண்டை போட ஆரம்பித்து என்னை மறந்துவிட்டார்கள். எல்லோரும் ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்று: நான் இத்தனை வருஷமாகச் சவரம் பண்ணுகிறேன், ஒரு தடவைகூட வெட்டிக்கொண்டதில்லை. பத்து வருஷம், இருபது வருஷம், ஒருவன் நாற்பத்தொன்று. அவ்வளவு கெட்டிக்காரர்கள் ஒரே இடத்தில் சேர்ந்ததைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதில் ஒருவன் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டேன். சவரத்துக்கு முன் தோல் வாரில் ஐம்பது தடவை தீட்ட வேண்டுமாம். வாருக்கு எங்கே போவது? என் பெல்ட்டைக் கழற்றிக் கதவுக் கொக்கியில் மாட்டி இழுத்துப் பிடித்தேன். கத்தியின் முதுகு முன்னே போக வேண்டும், வாய் பின்னால் வர வேண்டும். நான் வாயை முன்னே விட்டேன், எனக்கு அதுதானே வழக்கம். மூன்றாவது இழுப்பில் பெல்ட் ரெண்டு துண்டு. மறுநாளிலிருந்து கால்சட்டையை வைக்கோல் கட்டும் கயிற்றால் கட்டிக்கொண்டுதான் வேலை பார்த்தேன். குனிந்து நிமிர்கிற தொழில் வேறு. ரெண்டு தடவை கயிறு அவிழ்ந்தது. அதைப் பற்றி மேலே எழுதப் போவதில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரம். கொட்டகைக்கு வெளியே மிளகு மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். ரோவீனா ஒரு கையில் சாண்ட்விச்சோடு வந்து எதிரே ஒரு பெட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கத்தியைக் கேட்டு நீட்டிய கையை மடக்கவில்லை. கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், கட்டை விரல் நகத்தின் மேல் மெதுவாக வைத்துப் பார்த்தாள். நெவில் வேலையா என்றாள். ஆமாம் என்றேன்.

"யார் யார்கிட்டய்யா கேட்ட?"

"எல்லார்கிட்டயும்தான்."

"அதுல யாராவது, நான் வெட்டிக்கிட்டேன்னு சொன்னானா?"

யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் சொல்லவில்லை. எண்பத்து நாலோடு நெவிலையும் சேர்த்து எண்பத்தைந்து பேர், ஒரு கீறல் கிடையாது.

"அப்போ அவன் கத்திய தொட்டதில்ல. இல்லேன்னா தார் கூப்பிடாம ஆட்ட தள்ளி விடறவன். ரெண்டு பேர் பேச்சையும் கேக்கக் கூடாது." சாண்ட்விச்சை ஒரு கடி கடித்தாள். "எங்கப்பாவுக்கு வலது கை விழுந்துபோச்சு. ஆறு வருஷம் அவர் கத்தியால நான்தான் அவருக்குச் சவரம் பண்ணேன். மொத வாரம் நாலு வெட்டு. காதுக்குக் கீழ ஒண்ணு ஆழமா பட்டுடுச்சு, அந்த எடத்துல அப்புறம் முடியே மொளைக்கல. அவர் ஒண்ணும் சொல்லல. நான்தான் கொல்லைல போய் உட்கார்ந்து அழுதேன்."

இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. என்னிடம் இதைச் சொல்ல வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. இந்தப் பத்து நாளில் நான் கேட்டதில் நம்பக் கூடிய முதல் வார்த்தை அந்த நாலு வெட்டுதான் என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

கத்தியைக் கைக்குட்டையில் சுற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள். தனுண்டாவில் அவள் பெரியப்பா மகன் முடிதிருத்தகம் வைத்திருக்கிறானாம், சனி ஞாயிறில் அவனிடம் கொடுத்து ஒழுங்கான கல்லில் வாய் ஏற்றி வாங்கி வருவதாகச் சொன்னாள். நான் கொஞ்சம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, நான் தோற்றால் உங்களுக்குத் தொல்லை விட்டதே, எனக்கு எதற்கு உதவி செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"தரம் போடறவளுக்கு மேஜைக்கு நல்ல சரக்கு வரணும்னு இருக்காதா?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அந்த சனி ஞாயிறு நான் தூங்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகத் தூங்கினேன், தூக்கத்தில் சிரித்தேன் என்று பக்கத்துக் கட்டில்காரன் புகார் கொடுத்தான்.

திங்கட்கிழமை டீ நேரத்தில் கத்தி திரும்பி வந்தது. பார்த்தால் முன்பு போலத்தான் இருந்தது, பளபளப்புக்கூடக் குறைவு. முன்கையில் வைத்தால் முடி தானாக விழுந்தது. ரோவீனா தன் மேஜைப் பக்கம் நின்றபடியே பாடம் சொன்னாள். தோலை இழுத்துப் பிடிப்பது எனக்குத் தெரியும், அதில் குறையில்லை. கத்தியை அழுத்தக் கூடாது, அதன் சொந்தக் கனம் போதும். நீள வீச்சு கூடவே கூடாது, ரெண்டு விரல் அகலத்துக்கு மேல் போகாதே. அப்புறம் ஒன்று சொன்னாள், எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

"மொத தடவையே ஒட்ட எடுக்காத. பாதி எடு. திரும்ப நுரை போட்டு, அதே எடத்துல இன்னொரு தடவை போ. அப்புறம் இன்னொண்ணு."

"ரெண்டாம் வெட்டா?" என்றேன். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டேன். "ஒம்பது வருஷமா அதுக்காகத்தானே என் செருப்பு மேல மயிரப் போட்டீங்க?"

"அது கம்பளிய்யா, விழறதுக்குத்தான் வெல. இது மூஞ்சி. விழறத எவன் வாங்கப் போறான்? நிக்கறதுதான் சரக்கு."

செவ்வாய்க்கிழமை காலை கண்ணாடி முன் நின்று, என் வாழ்க்கையில் முதல் முறையாக வேண்டுமென்றே ஒரு ரெண்டாம் வெட்டு வெட்டினேன். வாரம் ஒன்று போட்டேனே, அதெல்லாம் கணக்கில்லை, அது காதல். முதல் தடவை கத்தி போனபோது முள் முள்ளாக நின்றது. விட்டுவிட்டேன். நுரை போட்டு மறுபடி போனேன். மங்கிப்போன ஊதாவுக்கு அடியிலிருந்து ஒரு கன்னம் வெளியே வந்தது. மூன்றாவது தடவை முடித்துக் கையால் தடவிப் பார்த்தேன். அது என் கன்னம் என்று நம்ப முடியவில்லை, எவனோ நல்லவன் கன்னம் மாதிரி இருந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. வெளியே வந்து நின்றால் காற்று அந்தப் பக்கம் மட்டும் குளிர்ந்தது. பண்ணை நாய் என் இடது பக்கம் வந்து வாலை ஆட்டியது, வலது பக்கம் போய்க் குரைத்தது. நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்து ரெண்டையும் மாற்றி மாற்றிச் செய்யவிட்டேன், எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வியாழக்கிழமைக்குள் வலது பக்கம் வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. இடது பக்கத்தைக் கடைசி நாளுக்கு விட்டுவைத்தேன். கற்றுக்கொண்டாயிற்றே, அதே வேலைதானே என்று இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை, கடைசி நாள், விடிகாலை. இடது பக்கத் தாடியை நறுக்கும் முன் ஒரு ஒத்திகை பார்ப்போமென்று கத்தியின் முதுகால் வைத்துப் பார்த்தேன். வலது கையை மூக்குக்குக் குறுக்கே கொண்டுபோனால் கண்ணாடியில் முழங்கை மட்டும்தான் தெரிந்தது. சரி, கத்தியை இடது கைக்கு மாற்றினேன். முப்பது வருஷமாக என் இடது கை ஆட்டைப் பிடிக்கவும் தோலை இழுக்கவும் மட்டுமே பழகியது. ஒரு நாளும் வெட்டியதில்லை. கத்தியைக் கொடுத்ததும் அது நடுங்கிய நடுக்கத்தில் காதைக் காப்பாற்றினால் போதுமென்று ஆகிவிட்டது. பத்து தடவை முயற்சி செய்தேன். மணி ஏழு.

டல்சி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏப்ரன் பையிலிருந்து புதுசாக ஒரு பிளாஸ்டிக் ரேசரை எடுத்துக் கை கழுவும் தொட்டி விளிம்பில் வைத்தாள்.

"நான் எதையும் பார்க்கல," என்றாள். "உனக்கு அந்தப் பொண்ணு வேணும்ல? அஞ்சு நிமிஷ வேலடா."

வேண்டும்தான். அந்த ரேசரைக் கையில் எடுத்தேன். பலகையில் எழுதியிருப்பது நடந்த மாதிரியே இருக்கும், யாருக்கும் தெரியப் போவதில்லை. ரோவீனா நாளை என் வண்டியில் ஏறி பர்ராவுக்கு வருவாள். வழியெல்லாம் என் இடது கன்னம் அவள் பக்கம் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். தார் கூப்பிடாமல் தள்ளிவிட்ட ஆடு மாதிரி ஒரு கன்னம். நாலு வெட்டு வெட்டினேன் என்று தானாக வந்து சொன்னவளிடம் அதைக் காட்ட முடியாது. ரேசரை டல்சியிடமே கொடுத்துவிட்டுப் பாதித் தாடியோடு வேலைக்குப் போனேன். போகிற வழியில் கொஞ்சம் அழலாமா என்றுகூட இருந்தது.

கடைசி ஆடு பதினொன்றே முக்காலுக்கு என் கையால்தான் வெளியே போனது. மெஷின்கள் நின்றன. கொட்டகை அமைதியானால் காதுக்குள் வேறொரு சத்தம் கேட்கும். எல்லோரும் மேஜையைச் சுற்றி வந்து நின்றார்கள். நெவில் முன்னால் இடம் பிடித்திருந்தான். ரோவீனா கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள், கால்சட்டைக் கயிற்றைப் பார்த்தாள்.

கூப்பிட வேண்டியவன் நான்தான்.

"தார்," என்றேன். "ரெண்டு பக்கமும் பண்ணிட்டு வரேன்னு சொன்னேன். ஒரு பக்கந்தான் ஆச்சு. இந்தக் கை வெட்டாதுன்னு எனக்கு இன்னிக்குக் காலைலதான் தெரியும். சொன்ன சொல்ல காப்பாத்தல."

யாரும் சிரிக்கவில்லை. ரோவீனா மேஜையைச் சுற்றி வந்தாள். புறங்கையால் என் வலது கன்னத்தைத் தொட்டு மேலிருந்து கீழ் வரை இறக்கினாள். அப்புறம் இடது பக்கத் தாடியில் ஒரு கற்றையைப் பிரித்தெடுத்து, ரெண்டு முனையையும் பிடித்துத் தன் காதருகே கொண்டுபோய் விரலால் சுண்டினாள். கம்பளி உறுதியா, இற்றுப்போனதா என்று அவள் தினமும் நூறு தடவை பார்ப்பது அப்படித்தான். இற்றதாயிருந்தால் பிய்யும் சத்தம் கேட்கும். கற்றை இன்னும் என் தாடையில்தான் இருந்தது, ஆகவே என் காதும் அவள் காதுக்குப் பக்கத்தில் போக வேண்டியதாயிற்று.

"இத்துப்போகல," என்றாள். பிறகு கொட்டகைக்கே கேட்கும்படி, "பாதி வெட்டுன ஆட்ட யாராவது வெளிய விடுவாங்களா? கத்திய குடுய்யா."

கம்பளிப் பொதி ஒன்றின் மேல் என்னை உட்கார வைத்தார்கள். டல்சி வெந்நீரும் சமையலறைக் கத்தரிக்கோலும் கொண்டுவந்தாள். இருபத்தாறு வருஷத்துத் தாடி தரையில் விழுந்தது. அதைப் பொறுக்கி எந்தத் தரம் என்று கேட்ட நெவிலை ரோவீனா ஒரு பார்வை பார்த்தாள். நுரை போட்டாள். அவள் கை அப்படி ஒரு லேசு, கத்தி போவதே தெரியவில்லை, நுரை விலகிச் சில்லென்று படும்போதுதான் தெரிந்தது. ஒரு தடவை. மறுபடி நுரை. ரெண்டாம் வெட்டு. நான் கண்ணை மூடிக்கொண்டேன், சிரிப்பு வந்துவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு. மூன்றாம் வெட்டுக்குக் காதுக்குக் கீழே வந்தபோது அவள் மூச்சு ஒரு கணம் நின்றதை உணர்ந்தேன். கத்தி நின்றது. சுருக்கென்று ஏதோ.

எனக்கு வலிக்கக்கூட இல்லை. தாடையை ஒட்டி ஒரு சொட்டு இறங்கியிருக்க வேண்டும். நுரையோடு துடைத்துவிட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது, அந்தப் பக்கம் யாரும் நிற்கக்கூட இல்லை. ரோவீனா கத்தியைக் கீழே இறக்கினாள். முகம் சிவந்துபோயிருந்தது. ஒன்பது வருஷமாக எங்கள் எல்லோர் வெட்டையும் எண்ணியவள், தலையை நிமிர்த்திக் கொட்டகை முழுக்கக் கேட்கும்படி உரக்கக் கூப்பிட்டாள்:

"தார்!"

அன்றைக்கு வில்காரா கொட்டகைக் கூரை பிய்த்துக்கொண்டு போகாதது ஆச்சரியம். தட்டினார்கள், விசிலடித்தார்கள், நெவில் தகர டிரம்மைப் போட்டு அடித்தான். டல்சி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து காதிலிருந்து கழுத்து வரைக்கும் ஊதாவாகப் பீய்ச்சினாள். பீய்ச்சிவிட்டுப் பலகைக்குப் போய் 'ஒரு சொட்டும் இல்லை' என்பதை ஏப்ரனால் அழித்தாள். அந்தச் சொட்டு யார் கணக்கு என்று கேட்டாள். ரோவீனா தன் கணக்கு என்றாள்.

நான் பொதியை விட்டு எழவில்லை. எழுந்தால் கயிறு அவிழ்ந்துவிடும் போலிருந்தது. ரோவீனா கத்தியை வெந்நீரில் அலசித் துடைத்து, மடக்கி, என் சட்டைப் பையில் போட்டாள்.

"என்ன தரம்னு சொல்லவே இல்லையே," என்றேன்.

"இந்த இருட்டுக் கொட்டகைல என்னத்த தெரியும்? நாளைக்கு வெளிச்சத்துல பார்த்துச் சொல்றேன்." மேஜைப் பக்கம் ரெண்டு எட்டு போனவள் திரும்பினாள். "எட்டு மணிக்கு வந்துடு. பெல்ட் போட்டுட்டு வா."